கை பயன்பாட்டுப் படிவம்: துருக்கி வடிவத்தை மாதிரியாக வைத்துத் தமிழில் செய்யும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

சத்துவாச்சாரி_பிசியோ:

வணக்கம். எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலை) ஆய்வுக்கு டாஷ் படிவத்தை எடுத்திருக்கிறேன். தோள், கை, மணிக்கட்டுக் கோளாறு உள்ளவர்கள் தாங்களே நிரப்பும் 30 கேள்விப் படிவம் என்பதால் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர்கள் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், காட்பாடி பக்கத்து ஆட்கள். பீடி சுற்றுபவர்கள், தறி ஓட்டுபவர்கள், ஷூ கம்பெனியில் தைப்பவர்கள், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள் சிலர்.

2006-ல் வந்த துருக்கித் தழுவலை மாதிரியாக வைத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. துருக்கியும் தமிழ் மாதிரி ஒட்டுநிலை மொழி (சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவது), வினை கடைசியில்தான் வரும், அதனால் பாதி வேலை மிச்சம் என்பது அவர் கணக்கு. ஆனால் வரைவை நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, எழுதுவது, முடி உலர்த்துவது, ஸ்வெட்டர் போடுவது, சீட்டு ஆடுவது, ஷட்டில் விளையாடுவது, தாம்பத்தியம் ஆகிய கேள்விகளைக் காலியாக விடுகிறார்கள். இரண்டு, 1 முதல் 5 வரை உள்ள விடைகளில் ‘லேசான சிரமம்’ (2), ‘மிதமான சிரமம்’ (3) இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். மூன்று, கேள்வியில் வரும் பொருட்களை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று எனக்கே தெளிவில்லை. குடம் தூக்குவதைச் சேர்க்கலாமா? கையால் பிசைந்து சாப்பிடுவது பற்றி ஒரு கேள்விகூட இல்லையே, அதைச் சேர்க்கலாமா?

அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள் சார், மேடம்.

பாலாற்றங்கரை:

துருக்கி வடிவத்திலிருந்து எடுக்க வேண்டியது வழிமுறையை. சொற்களுக்கு மூலம் ஆங்கிலம் மட்டும்தான். துருக்கியிலிருந்து தமிழுக்கு வந்தால் நகலுக்கு நகல் ஆகிவிடும்.

மொழிபெயர்க்க உட்காரும் முன் அனுமதி. படிவத்தின் உரிமை டொரன்டோவில் உள்ள இன்ஸ்டிடியூட் ஃபார் ஒர்க் அண்ட் ஹெல்த் நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தெந்த மொழிகளில் ஏற்கப்பட்ட வடிவம் உண்டு என்று அவர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதில் தமிழ் இருந்தால் இரண்டாவது மொழிபெயர்ப்பு செய்யாதீர்கள். இருக்கிற வடிவம் உங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதே முழு ஆய்வுக்குப் போதும். எந்த மாற்றமானாலும் அவர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நெறிமுறைக் குழுவும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் கேட்கும்.

புதிதாகச் செய்வதானால் 2000-ல் ஸ்பைன் இதழில் வந்த வழிமுறை. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர். மற்றவர் மருத்துவ வாடையே படாதவர், எதற்கான படிவம் என்றுகூட அவரிடம் சொல்லக்கூடாது. பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாமவர் விஷயத்தில். இரண்டு பிசியோவை உட்காரவைத்தால் இரண்டு பேருமே ‘செயல்பாட்டுக் குறைபாடு’ என்று எழுதித் தருவார்கள். அப்புறம் ஒப்பிட என்ன இருக்கிறது?

இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, அதை மட்டும் இரண்டு பேரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அவர்கள் மூலத்தைப் பார்த்தே இருக்கக்கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் நல்லது. வேலூரில் அது கஷ்டம் என்றால் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த, மருத்துவத்துறை சாராத தமிழர். மருத்துவமனை ஆட்களைக் கூப்பிடாதீர்கள். டாஷ் அவர்களுக்கு மனப்பாடம், தமிழ் தப்பாக இருந்தாலும் மூலத்தை அப்படியே ஒப்பித்துவிடுவார்கள், உங்களுக்குப் பிழையே கண்ணில் படாது.

பிறகு குழு. மொழிபெயர்த்த நால்வர், கை சிகிச்சையாளர், தமிழாசிரியர், ஆய்வுமுறை தெரிந்தவர். மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டியது நான்கு: சொற்பொருள், மரபுத்தொடர், அனுபவம், கருத்து. 12 வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழ் என்பது அளவு. அதன்பின் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாள் போட்டு, என்ன சொல் வந்தது, ஏன் தள்ளினோம் என்று தேதியோடு எழுதிவையுங்கள். வைவாவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

ஒரு எச்சரிக்கை. பக்கவாத நோயாளிகளை இதில் கலக்காதீர்கள். டாஷ் எலும்பு, தசை, மூட்டு, நரம்பு அழுத்தக் கோளாறுகளுக்காக வந்தது. அதன் முன்குறிப்பே எந்தக் கையால் செய்தாலும் சரி என்கிறது. ஒரு பக்கம் விழுந்தவர் நல்ல கையாலேயே பூட்டைத் திறந்து, பை தூக்கி, ‘சிரமம் இல்லை’ என்று குறித்துவிட்டால் விழுந்த கை கணக்கிலேயே வராது. அவர்களுக்கு இரு கை வேலைகளைக் கேட்கும் 23 கேள்வி அபில்ஹாண்ட், அல்லது விழுந்த கையை மட்டும் கேட்கும் மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்று தனியாகப் போங்கள்.

ஆரணி_ஓ.டி.:

பொருளை மாற்றுவது பற்றி. மூலக் கேள்வியில் எந்த மூட்டு அசைகிறது, எந்தப் பிடி, எவ்வளவு பளு? இந்த மூன்றும் மாறாமல் பொருளை மட்டும் மாற்றலாம். ஒன்று மாறினாலும் அது வேறு கேள்வி.

உங்கள் குடத்தையே எடுங்கள். மூலத்தில் 10 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 4.5 கிலோ. நிறைகுடம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். அதுவும் இடுப்பில் ஏறிவிட்டால் பளு கையில் இல்லை, இடுப்பில். 5 லிட்டர் எண்ணெய் கேன் சரியாகப் பொருந்தும். எண்ணெய் தண்ணீரை விட லேசு என்பதால் 5 லிட்டர் ஏறக்குறைய 4.5 கிலோவில் நிற்கும். ‘5 கிலோ அரிசிப் பை’ என்றாலும் எல்லோருக்கும் புரியும்.

இறுக்கமான மூடி திறக்கும் கேள்வி துருக்கியில் சுலபமாக உட்காரும். ஊறுகாயும் தக்காளி விழுதும் திருகுமூடிப் பாட்டிலில் போட்டுவைக்கும் வீடுகள் அவை. நம் பக்கத்தில் ‘டப்பா’ என்று எழுதினால் ஆட்கள் எவர்சில்வர் டப்பாவை நினைப்பார்கள். அதன் மூடியை நகத்தாலும் கட்டைவிரலாலும் நெம்புகிறோம், மணிக்கட்டைத் திருகுவதில்லை. ‘புது ஹார்லிக்ஸ் பாட்டிலின் இறுக்கமான திருகுமூடி’ என்றே போடுங்கள். தண்ணீர் பாட்டில் மூடி வேண்டாம், அதற்கு விரல் நுனி போதும்.

ஸ்வெட்டரில் பார்க்க வேண்டியது கையைத் தலைக்குமேல் தூக்கித் தலைவழியாக நுழைப்பது. சிலர் பெண்களுக்கு ரவிக்கை என்று மாற்றுகிறார்கள். தப்பு. ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கி, அது விரல் நுனி வேலை, தோள் அதிகம் தூக்காது. நைட்டி கச்சிதமான மாற்று. ஆணுக்குப் பனியன். ‘பனியன் அல்லது நைட்டியைத் தலைவழியாகப் போட்டுக்கொள்வது.’

படுக்கை விரிப்பது: கட்டில் உள்ள வீடு, பாய் உள்ள வீடு இரண்டும் கலந்த ஊர் இது. ‘போர்வையை உதறி மடித்து, பாய் அல்லது படுக்கையைச் சரிசெய்வது.’ உதறுவதில்தான் இரண்டு தோளுக்கும் வேலை, அதை விடாதீர்கள்.

தலைமுடி: ‘தலைக்குக் குளித்துத் துவட்டுவது.’ வெறும் ‘குளிப்பது’ என்றால் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டாலே முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னல் போடுவதைச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். அதற்குத் தோள் பின்னால் திரும்பியே நிற்க வேண்டும், மூலத்தை விடக் கடினம். மொட்டை அடித்தவருக்கும் ஆணுக்கும் பொருந்தவும் பொருந்தாது.

கத்தியால் உணவு வெட்டுவது: அரிவாள்மனையில் கத்தி நகராது, காய்தான் நகர்கிறது, பிடி வேறு. அதனால் ‘கத்தியால் காய் அல்லது பழம் நறுக்குவது’. அரிவாள்மனையில் மட்டும் நறுக்கும் பெரியம்மாக்களிடம் ‘கத்தி கொடுத்தா எப்படி இருக்கும்?’ என்று அனுமானித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடந்த 7 நாளில் செய்யாத வேலைக்கு அனுமானம் சொல்லலாம் என்று படிவமே அனுமதிக்கிறது.

சீட்டு: இந்தச் சொல்லே வேண்டாம். சூதாட்டத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று பயந்து ‘எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க’ என்பார்கள், கை போய் ஒழுக்கம் வந்துவிடும். கோலம் போடுவது, பூ கட்டுவது, தாயம் ஆடுவது இவற்றில் குறைந்த பலத்தோடு விரல் நுணுக்கம் வருகிறது. பூ கட்டியே பிழைப்பவர் என்றால் அது அவருக்கு ஓய்வுநேர வேலை அல்ல, கோலத்தைக் கேளுங்கள்.

பல்பு மாற்றுவதற்குப் பதில் ஒட்டடை அடிப்பது என்று போட்டேன், குழு ஏற்கும் என்று நினைக்கிறேன்.

பாலாற்றங்கரை:

@ஆரணி_ஓ.டி. மற்றதெல்லாம் சரி. ஒட்டடை ஏற்காது. நீளக் குச்சியை இரண்டு கையாலும் மார்பு உயரத்தில் பிடித்து ஆட்டுகிறோம். பல்பு தலைக்கு மேல் ஒற்றைக் கையை நீட்டி, விரலால் பிடித்து, நம் ஊர் ஹோல்டரில் அழுத்தித் திருப்பும் வேலை. நீங்கள் சொன்ன மூன்றிலும் மாறுகிறது. பல்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது, பொருள் அந்நியமில்லை. ‘அதெல்லாம் வீட்டுக்காரர் செய்வாரு’ என்பதுதான் சிக்கல், அது அனுமானக் குறிப்பால் தீரும். பொருள் அந்நியமாக இருந்தால் மாற்று. ஆள் செய்யும் பழக்கம் இல்லையென்றால் கேள்வியை விட்டுவிட்டுக் குறிப்பை அழுத்தமாகச் சொல்.

ஆரணி_ஓ.டி.:

ஒப்புக்கொள்கிறேன். பல்பு இருக்கட்டும்.

சொல்தச்சன்:

மொழிப் பக்கத்திலிருந்து. ஒட்டுநிலை மொழி என்பதால் பாதி வேலை மிச்சம் என்பதை மறந்துவிடுங்கள். இலக்கணம் அல்ல, சொற்கள் எங்கே வெட்டுகின்றன என்பதே இதில் பிரச்சினை.

துருக்கியில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ‘கோல்’, அதற்குக் கீழே ‘எல்’, தோள் ‘ஓமுஸ்’. துருக்கிப் படிவத்தின் பெயரிலேயே மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. தமிழில் கோல், எல் இரண்டுக்கும் ஒரே ‘கை’. ‘கை வலி எவ்வளவு?’ என்று கேட்டால் ஒருவர் உள்ளங்கையைச் சொல்வார், இன்னொருவர் தோள்பட்டையைச் சொல்வார். ‘புஜம்’ என்று எழுதினால் மேல்கை மட்டும் என்றாகும், ‘முன்கை’ பாடப்புத்தகச் சொல். வழி ஒன்றுதான். படிவத்தின் தலைப்பிலேயே ‘இந்தப் படிவத்தில் கை என்றால் தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரை’ என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பகுதியை நிழலிட்ட ஒரு மனித உருவம் வரையுங்கள். வலி, பலக்குறைவு, விறைப்பு கேள்விகளில் ‘தோள், கை அல்லது விரல்களில்’ என்று விரித்தே எழுதுங்கள்.

‘மிதமான’. இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது வானிலை அறிக்கையில், ‘லேசானது முதல் மிதமான மழை’. அப்புறம் சமையலில், ‘மிதமான சூட்டில்’. இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனி. அதனால் 2-ம் 3-ம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. துருக்கியில் நடுத்தரத்துக்கு ‘ஓர்த்தா’ என்ற சொல் இருக்கிறது. காபிக் கடையில் சர்க்கரை நடுத்தரமாக வேண்டும் என்றாலும் ‘ஓர்த்தா’தான், படிக்காதவருக்கும் அளவு தெரியும். நமக்கு அப்படி ஒரு சொல் இல்லை, தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஐந்து விடைகளையும் ஐந்து அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டு, நோயாளியையே குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். 10 பேர் அடுக்கினாலே எந்தச் சொல் தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். நான் தொடங்கச் சொல்வது: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், நடுத்தரமான சிரமம், ரொம்பச் சிரமம், செய்யவே முடியாது. ‘ஓரளவு’ வேண்டாம். ‘ஓரளவு செய்ய முடியுது’ என்று அது எதிர்த்திசைக்கு ஓடும். ‘கஷ்டம்’ என்றால் பணக்கஷ்டம், மனக்கஷ்டம் எல்லாம் உள்ளே வரும், ‘சிரமம்’ கையோடு நிற்கும். கடைசி விடையில் ‘முடியவில்லை’ என்று விடாதீர்கள். நம் பக்கத்தில் ‘முடியல’ என்றால் உடம்பு சரியில்லை என்றும் அர்த்தம். ‘செய்யவே முடியாது’ என்றால் தெளிவு.

ஊசி குத்துவது போன்ற உணர்வு பற்றிய கேள்வி. ‘குத்துது’ என்று எழுதினால் அது வலியாகிவிடும், வலிக்குத் தனிக் கேள்விகள் இருக்கின்றன. ‘மரத்துப்போவது’ உணர்வே இல்லாத நிலை, அதுவும் அல்ல. ‘மதமதப்பு’ இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். துருக்கியர் இதற்கு ‘கரிஞ்சாலன்மா’ என்பார்கள், ‘கரிஞ்சா’ என்றால் எறும்பு. நம் ஆட்கள் சொல்வதும் அதேதான், ‘எறும்பு ஊர்ற மாதிரி’. வழிகாட்டி சொன்ன ஒற்றுமை இலக்கணத்தில் இல்லாவிட்டாலும் இந்த எறும்பில் இருக்கிறது. ‘எறும்பு ஊர்வது போல, சுருசுருவென்று’ என்று எழுதுங்கள்.

‘பலவீனம்’ என்றால் ரத்தசோகைக்கு டானிக் கேட்பார்கள். ‘கையில் பலம் குறைந்திருப்பது’ போதும். விறைப்புக்குப் ‘பிடிப்பு’ வேண்டாம், அது சுளுக்கு.

‘கடந்த வாரம்’ என்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. ‘கடந்த 7 நாட்களில்’ என்று அச்சிட்டு, வாசித்துக் காட்டும்போது ‘போன செவ்வாக்கெழமையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்’ என்று கிழமை சொல்லிவிடுங்கள்.

நோவு, இசுத்துப் பிடிக்குது, சோத்தாங்கை போன்ற வட்டாரச் சொற்களை அச்சில் போடாதீர்கள். படிவம் நாளைக்கு நாகர்கோவிலுக்கும் போக வேண்டும். கேட்பவர் கையில் வைத்திருக்கும் விளக்கத்தாளில் அவை இருக்கட்டும்.

கடைசிக் கேள்விதான் மோசமான கண்ணி. கைக் கோளாறால் திறமையும் நம்பிக்கையும் குறைந்ததாக உணர்கிறேன் என்பதற்கு ‘சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை’ முதல் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ வரை விடை. ‘குறைந்தது’ என்ற எதிர்மறைமேல் ‘இல்லை’ என்ற இன்னொரு எதிர்மறை ஏறி உட்கார்ந்தால் நன்றாக இருப்பவரும் 5-ல் டிக் போட்டுவிடுவார். நோயாளி சொல்லும் தொடராகவே எழுதுங்கள்: ‘கை இப்படி ஆனதால் என்னால் முன்புபோல் முடியாது, என்மேலேயே நம்பிக்கை குறைந்துவிட்டது.’ விடைகள்: இது கொஞ்சமும் உண்மையில்லை என்பதில் தொடங்கி முழுக்க உண்மை என்பது வரை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை ‘உண்மை’ என்று மாற்றியதற்கு உரிமையாளரிடம் காரணம் எழுதிக் கேட்க வேண்டும்.

எண்கணக்கு:

காலி இடங்கள் பற்றி யாரும் கணக்குச் சொல்லவில்லை. மதிப்பெண் = (விடைகளின் கூட்டுத்தொகை ÷ விடையளித்த கேள்விகள் − 1) × 25. 0 என்றால் குறையே இல்லை, 100 என்றால் முழு இயலாமை. 30-ல் குறைந்தது 27-க்கு விடை இருந்தால்தான் மதிப்பெண் போடலாம். நீங்கள் சொன்ன ஆறும் காலியாக வந்தால் 24தான் மிஞ்சும், அந்தப் படிவமே செல்லாது. இதன் சுருக்க வடிவமான குவிக் டாஷில் 11 கேள்வி, அதில் ஒன்றுக்கு மேல் காலி விடக்கூடாது. சிறிய படிவம் என்று அதற்குத் தாவினால் நிலைமை இன்னும் இறுகும்.

எக்செல்லில் வழக்கமாக நடக்கும் தப்பு: 28 கேள்விக்கு விடை, கூட்டுத்தொகை 84. 84 ÷ 28 = 3, மதிப்பெண் 50. வகுக்கும் எண்ணை 30 என்று நிலையாக வைத்திருந்தால் 2.8 ஆகி 45 வரும். காலியை 0 என்று பதிந்தாலும் இதே கதி. காலியைக் காலியாகவே விடுங்கள்.

எழுதத் தெரியாதவர் எழுதும் கேள்விக்கு ‘செய்யவே முடியாது’ என்று சொன்னால் 5 போடாதீர்கள். அது படிப்பின் குறை, கையின் குறை இல்லை. ‘கையெழுத்துப் போடுவீங்களா?’ என்று கேளுங்கள். போடுவார் என்றால் அதை வைத்து மதிப்பிடட்டும். கைநாட்டு என்றால் காலி.

30-40 பேர் முன்சோதனைக்கு மட்டும். நம்பகத்தன்மைக்கும் செல்லுபடிக்கும் (அளக்க வேண்டியதையே அளக்கிறதா என்பது) 100 பேருக்குக் குறையாமல் வையுங்கள். காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) செய்வதானால் கேள்விக்கு 7 பேர், 210. ஆய்வுக் காலத்தில் அது முடியாதென்றால் அந்தப் பகுதியைச் செய்யாமலே விடுவது நேர்மை.

க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.97 வந்தது என்று குதிக்காதீர்கள். 30 கேள்வி இருந்தால் அது தானாகவே ஏறும், 0.95-க்கு மேல் போனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று அர்த்தம்.

மறுசோதனை: முதல் நாள் நிரப்பி, அன்றே சிகிச்சை தொடங்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொன்னால் கை நிஜமாகவே மாறியிருக்கும், ஐ.சி.சி. (இரண்டு முறை மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்) விழும், படிவத்தைக் குறை சொல்வீர்கள். நாள்பட்ட, மாறாமல் இருக்கும் நோயாளிகளை எடுங்கள், அல்லது சிகிச்சைக்கு முன்பே இரண்டு முறையும் முடியுங்கள். இடைவெளி 3 முதல் 7 நாள். இரண்டாம் முறை ‘அன்னிக்கு மாதிரியேதான் இருக்கா, மாறியிருக்கா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு, மாறியவர்களை ஒதுக்குங்கள். முதல் முறை நேரில் வாசித்துக் காட்டிவிட்டு இரண்டாம் முறை போனில் கேட்காதீர்கள். பேரணாம்பட்டிலிருந்து வருபவருக்கு இரண்டாவது பஸ் செலவு இருக்கும், அதை ஆய்வுச் செலவில் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஐ.சி.சி.யோடு நிறுத்தாமல் அளவீட்டுப் பிழையும் கொடுங்கள். திட்டவிலக்கம் 20, ஐ.சி.சி. 0.90 என்று வைத்துக்கொண்டால் பிழை 20 × √0.10 = 6.3. அதை 1.96 × √2 ஆல் பெருக்கினால் 17.5. அதாவது ஒருவர் 17 புள்ளி இறங்கினாலும் அது நிஜ முன்னேற்றம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு உபயோகப்படும் எண் இதுதான், இதைத்தான் பாதி ஆய்வேடுகள் விட்டுவிடுகின்றன.

எத்தனை பேர் 0 அல்லது 100 வாங்கினார்கள் என்றும் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் படிவம் அந்த முனையில் அளக்கவில்லை. மற்ற அளவைகளோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பை, உதாரணமாகப் பிடிபலத்தோடு எதிர்மறைத் தொடர்பு என்பதை, தரவு கைக்கு வரும் முன்பே எழுதிவையுங்கள்.

சத்துவாச்சாரி_பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. பக்கவாத நோயாளிகளை எடுத்துவிடுகிறேன். குடத்தையும் விட்டாச்சு. சாப்பிடுவது பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது இங்கே கையின் முதல் வேலை. அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வருபவர்களில் வீட்டில் உருது பேசுபவர்கள் நிறைய. அவர்களைச் சேர்க்கலாமா?

பாலாற்றங்கரை:

31-வது கேள்வி சேர்த்தால் அது டாஷ் இல்லை, உங்கள் சொந்தப் படிவம். உலகத்தில் வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. படிவம் முடிந்தபின் தனித்தாளில் நான்கைந்து கேள்வி வையுங்கள்: பிசைந்து சாப்பிடுவது, கால் கழுவிக்கொள்வது, கோமணமோ புடவைக் கொசுவமோ கட்டுவது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது. மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனியாக அறிவியுங்கள். டாஷ் எதைத் தவறவிடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக் கேள்வியில் எந்தக் கை என்று கட்டாயம் கேளுங்கள். சோத்தாங்கையில் அடிபட்டவர் பீச்சாங்கையால் சாப்பிடுவதை விட ஊட்டிவிடச் சொல்வார். ‘எந்தக் கையானாலும் பரவாயில்லை’ என்று டாஷின் முன்குறிப்பை அப்படியே தமிழாக்கினால் சிலருக்கு முகம் சுளிக்கும். ‘எந்தக் கையால் செய்தீர்கள் என்பதைப் பார்க்காமல், அந்த வேலையைச் செய்ய எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று மாற்றுங்கள்.

உருது: முன்சோதனைக்கு வீட்டிலும் தமிழ் பேசுபவர்கள் மட்டும். பெரிய சோதனையில் தமிழில் படித்தவர்களைச் சேர்க்கலாம், வீட்டுமொழியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சித்தூர் எல்லையோரத் தெலுங்குக்காரர்களுக்கும் இதே விதி.

கரிகிரி_ரோடு:

ஒன்று விட்டுப்போனது. வட ஆற்காட்டில் கை என்று பேசினால் தொழுநோயில் மடங்கிய கைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்தக் கைகளுக்குத் தசைநாண் மாற்றி விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கியது வேலூரில்தான். இன்றைக்கும் உங்கள் வெளிநோயாளி வரிசையில் அப்படி ஒருவர், அல்லது சர்க்கரை நோயில் உணர்விழந்த கையோடு ஒருவர் வருவார்.

அவர்களிடம் டாஷ் பொய் சொல்லும். வலி இல்லை, எறும்பு ஊர்வதில்லை, தூக்கம் கெடுவதில்லை, எல்லாம் 1. மதிப்பெண் அழகாக இருக்கும். கொதிக்கும் சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி விரல் வெந்திருப்பதை எந்தக் கேள்வியும் கேட்காது. அவர்களைச் சேர்க்கும் விதியிலேயே ஒதுக்கிவிட்டு சால்சா அளவையைப் பாருங்கள். 20 கேள்வி, தொழுநோய்க்கும் சர்க்கரை நரம்புக் கோளாறுக்கும் சேர்த்து வந்தது. ஒரு வேலையைக் காயம் படும் என்று பயந்து தவிர்க்கிறாரா என்பதையும் தனியாகப் பதியும்.

உணர்வு இருக்கிறதா என்று சேர்க்கும் முன் மோனோஃபிலமென்டால் (தொடு உணர்வைச் சோதிக்கும் மெல்லிய நைலான் இழை) ஒரு நிமிடம் தொட்டுப் பாருங்கள். வாயால் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள்.

சத்துவாச்சாரி_பிசியோ:

சரி மேடம், ஒதுக்கும் விதியில் போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: தாம்பத்தியக் கேள்வியை எப்படிக் கேட்பது? வாசித்துக் காட்டும்போது கூடவே மாமியார் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரணி_ஓ.டி.:

வாசிக்கவே வாசிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியைத் தனிச்சீட்டில் அச்சடித்து, ஐந்து விடைக்கும் பக்கத்தில் ஐந்து வட்டம், ஒன்றுமில்லாததிலிருந்து முழுக்க நிரம்பியது வரை. கேள்வி ‘கணவன் மனைவி உறவில் ஈடுபடுவது’, அதற்குமேல் அலங்காரம் வேண்டாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் கொடுத்து, விருப்பமில்லாவிட்டால் காலியாக விடலாம் என்று சொல்லி, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். சீட்டில் பெயர் வேண்டாம், படிவ எண் மட்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைக் கொடுக்கும்போதே தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிவிட்டு, திரும்பி நின்றுகொள்ளுங்கள். மாமியாரை அதற்கு முன்னாலேயே ரசீது போட அனுப்பிவிடலாம்.

துணை இல்லாதவர்களிடம் காலிதான் வரும். அனுமதிக்கப்பட்ட மூன்று காலியில் ஒன்று இங்கே போய்விடும் என்று வைத்துக்கொண்டே மற்ற 29-ஐத் திருத்துங்கள்.